புறாவின் இனிஷியல்

பிப்ரவரி 10, திங்கள்

ஸ்கேன் சென்டரில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஒன்றரை மாதமாக பீரோ மேல் சும்மா கிடந்தது. இன்றைக்குக் கையில் எடுத்ததற்குக் காரணம், வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லை. ஆள் இருக்கிறார். அவரிடம் பேச்சு இல்லை.

நேற்று இந்த வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. இட்டார்சியில் திறந்துவிட்ட ரேஸ் புறாக்களில் என் வீட்டுக்காரருடைய பெட்டைதான் முதலில் வந்து இறங்கியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, வியாசர்பாடியில் எங்கள் மொட்டை மாடியைக் கண்டுபிடித்து வந்திருக்கிறது. இருபத்தேழு வருஷமாகப் புறா விடுகிற மனுஷன் வாழ்க்கையில் முதல் கப்பு. தெருவே மாடியேறி வந்து பார்த்தது. டீ ஆற்றி ஆற்றி என் கை கடுத்துப் போனது.

இன்று சாயங்காலம் கிளப்பிலிருந்து வந்து பெட்டையைக் கூடையில் போட்டு எடுத்துப் போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். ரேஸ் புறாவுக்குக் காலில் ஒரு ரிங் இருக்கும். குஞ்சு பொரித்த ஏழெட்டு நாளில் மாட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு கால் பெருத்துவிடும், மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. ரிங்கில் வருஷமும் எண்ணும் இருக்கும். எங்கள் பெட்டையின் எண் 22-0317. ஜெயித்த புறாவின் ரிங்கைத்தான் கிளப்பில் சரிபார்ப்பார்கள். தோற்றதை யார் கேட்கப் போகிறார்கள்? கிளப் கம்ப்யூட்டரில் 0317 சவரிமுத்து பெயரில் இருக்கிறதாம். பக்கத்திலேயே ‘காணாமல் போனது’ என்றும் இருக்கிறதாம்.

சவரி அண்ணன் இவருடைய உயிர் சிநேகிதர். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆக, அவருடைய புறாவை இவர் பிடித்து வைத்துக்கொண்டு தன் புறா என்று ரேஸ் விட்டாராம். இதைக் கிளப்பில் எழுதிக் கொடுத்தவன் தயாளன். இரண்டாவதாக வந்தது அவன் புறா.

வழி தப்பி வந்த புறாவுக்குத் தண்ணீரும் தீனியும் காட்டி அனுப்பிவிட வேண்டும். பிடித்து வைத்தால் அவன் புறாத் திருடன். இந்த ஆட்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மார்ச் 2 ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. அன்றைக்கு நிரூபிக்காவிட்டால் பெட்டை போய்விடும், கிளப்பில் இவர் பெயரும் போய்விடும்.

இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எனக்குப் புறா பிடிக்காது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. மாடி முழுக்க எச்சம், இறகு. வயசான சாம்பல் ஆண் ஒன்று இருக்கிறது. துணிக்கொடியில் என் புடவை காய்ந்தால் அதன் மேல்தான் வந்து உட்காரும். நடையைப் பார்த்தால் கலெக்டர் என்று நினைப்பு. அதனால் அதைக் கலெக்டர் என்றுதான் திட்டுவேன். இவர் எதற்கும் பெயர் வைக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் எண்தான், கூண்டுக் கதவில் பெயிண்டில் எழுதியிருக்கும்.

போகட்டும். காலையில் இட்லி வைத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

“அந்த ரிங்கு எப்படி சவரி அண்ணன் பேர்ல இருக்குது?”

“சவரி போட்ட ரிங்கு.”

“நம்ம குஞ்சுக்கு அவர் எதுக்குப் போடணும்?”

“போட்டான். அவ்ளோதான்.”

“எப்போ?”

“ஞாபகம் இல்ல, லூர்து. வுடு.”

ஞாபகம் இல்லையாம். எங்கள் கல்யாண நாளை மறப்பார், பெண் ஜெனியின் பிறந்த நாளைப் போன் பார்த்துச் சொல்வார். ஆனால் எந்தக் குஞ்சு எந்தத் தேதியில் பொரித்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற மனுஷர். பொய் சொல்கிறார். எதற்கு என்று புரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

முடிவு செய்துவிட்டேன். நானே தேடப் போகிறேன்.

கிளப்புக்கு ஒரு வெப்சைட் இருக்கிறது. யார் எந்தக் குஞ்சுக்கு ரிங் மாட்டினாலும் அன்றே கிளப் நம்பருக்கு மெசேஜ் போட வேண்டும். ரேஸ் புறா வந்து இறங்கினாலும், கிளப் அதன் காலில் கட்டிய சீட்டை எடுத்து அதிலுள்ள எண்ணை மெசேஜ் போட வேண்டும். பழைய மெசேஜ்களையெல்லாம் போன வருஷம் மொத்தமாக அதில் ஏற்றிவிட்டார்கள். இவர் போனிலேயே பாஸ்வேர்ட் இருந்தது. ரிங் எண், தேதி முதல் தேதி வரை, நேரம் முதல் நேரம் வரை என்று கட்டங்கள். கீழே ‘தேடு’.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பதினாறு வருஷமாக ஸ்கேன் சென்டரில் நான் செய்கிற வேலை இதே வேலைதான். “போன மாசம் வயித்துக்கு ஸ்கேன் எடுத்தேம்மா, சீட்டு தொலைஞ்சுபோச்சு” என்று வந்து நிற்பார்கள். நம்பர் தெரியாது. தேதி தெரியாது. அமாவாசைக்கு மறுநாள் என்பார்கள். தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் விடுவேன்.

பிப்ரவரி 13, வியாழன்

0317 என்று போட்டேன். இரண்டே வரி வந்தது. ரிங் வழங்கப்பட்டது: சவரிமுத்து. நிலை: காணாமல் போனது. ரிங் மாட்டிய மெசேஜ் இல்லை.

22-ஆம் வருஷ ரிங் என்றால் 2022-இல் மாட்டியிருக்க வேண்டும். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை போட்டுத் தேடினேன். இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

இல்லை.

பிப்ரவரி 15, சனி

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் மாட்ட இவரைக் கூப்பிட்டால் மாடியில் காலிக் கூண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நானே மாட்டினேன். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டர், வீட்டில் ஒரு வாஷர் மாற்ற ஆள் கிடையாது.

மதியம் வேறு வழியில் தேடினேன். எண்ணை விட்டுவிட்டு ‘காணாமல் போனது’ என்பதை மட்டும் நேரப்படி அடுக்கச் சொன்னேன். 0317-ஐக் காணாமல் போனதாகப் பதிந்தது 2022 டிசம்பர் 31, மாலை நாலேகால். சரி, அந்த நாலு மணியைச் சுற்றி வேறென்ன இருக்கிறது என்று பார்த்தால், சவரி அண்ணன் பெயரில் மட்டும் ஆறு ரிங் வரிசையாகக் காணாமல் போயிருக்கின்றன. அன்றைக்கே வேறு ஆட்களுக்கும் கொத்துக் கொத்தாக. டிசம்பர் 31 அன்று வியாசர்பாடியில் அத்தனை புறாவும் சொல்லிவைத்துக்கொண்டு பறந்து போயிற்றா?

இவரிடம் காட்டினேன். ஐந்து நாளில் முதல் தடவையாக முகத்தில் ஒரு அசைவு.

“வருஷக் கடைசீல ரிங் கணக்கு குடுக்கணும். ஒடஞ்சது, டிராயர்ல தொலஞ்சது, சிநேகிதனுக்குக் குடுத்தது எல்லாத்தையும் காணாம போச்சுன்னு போட்டுட்டா வேல முடிஞ்சுது. எல்லாரும் அப்டிதான் போடுவோம்.”

“இத சொல்லலாம்ல கமிட்டில?”

“சொன்னேன். சாட்சி கேக்கறாங்க. சவரிய குழியிலேர்ந்தா எழுப்பிக் கூட்டினு வர்றது?”

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்து செயலாளர் கிருபாகரன் சார் வீட்டுக்குப் போனேன். கிளப்பும் அவர் வீட்டுக் கீழ்த்தளம்தான். டிசம்பர் 31 கணக்கைக் காட்டினேன். மரியாதையான மனுஷர், உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

“காணாம போகலன்னு ஆச்சு, சரிம்மா. ஆனா அது உங்க வூட்டுக்காரரு ஞானப்பிரகாசம் குஞ்சுன்னு எங்க இருக்குது? சவரி கூண்டுலேர்ந்தே தூக்கிட்டாருன்னு தயாளன் சொன்னா நான் இன்னா பதில் சொல்ல?”

கூண்டு அவர் வீட்டு வராந்தாவில்தான் இருந்தது. பெட்டை என்னைப் பார்த்ததும் கம்பி ஓரம் வந்து நின்றது. தண்ணீர்க் கிண்ணத்தில் ஈ விழுந்து கிடந்தது. கிண்ணத்தைக் கழுவி மாற்றி வைத்துவிட்டு வந்தேன். வேறு யார் புறாவாக இருந்தாலும் செய்திருப்பேன், சுத்தம் சுத்தம்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

வேலை முடிந்து சவரி அண்ணன் மனைவி பிலோமினா அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் போனதுமே புறாக்களையெல்லாம் கொடுத்துவிட்டார்கள். மாடியில் இப்போது தக்காளித் தொட்டி.

“ஞானம் தம்பி திருடாதுன்னு எனக்குத் தெரியும், லூர்து. ஆனா எந்த ரிங்கு எந்தக் குஞ்சுன்னு எனக்கு இன்னா தெரியும்? தெரியாத விசயத்த அத்தினி ஆம்பளைங்க முன்னாடி சத்தியம் பண்ணச் சொல்லாத.”

சொல்லவில்லை. கோபமும் இல்லை. பொய் சொல்லாத ஆள் பக்கத்தில் இருப்பது நல்லதுதான், நமக்கு உதவாவிட்டாலும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இவர் மற்ற புறாக்களையும் கொடுத்துவிடப் போகிறாராம். தெருமுனையில் புறா வாங்குகிற ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. “நான் ஆபரேஷன் பண்ணிக் கெடந்தப்பகூட என்னை விட்டுட்டு ஓங்கோல் ரேஸ் பாக்க ஓடின ஆளு நீங்க. இப்ப எவனோ ஒருத்தன் எழுதிக் குடுத்தான்னு மொத்தத்தயும் தூக்கிக் குடுப்பீங்களா?” என்றேன். ஓங்கோலில் திறந்துவிட்ட புறாக்கள் வீடு வந்து சேர்கிற அந்த ரேஸ் என் பழைய ஆயுதம். மூன்று வருஷமாக எந்தச் சண்டையிலும் கடைசியில் அதை எடுப்பேன். அவர் எப்போதும்போல் எழுந்து மாடிக்குப் போனார்.

கொடுக்கக் கூடாது என்று தெருமுனை ஆளிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

2022-இல் சவரி அண்ணன் போனிலிருந்து போன எல்லா மெசேஜையும் மாதம் மாதமாகப் பார்த்தாயிற்று. காலை, மதியம், மாலை என்று நேரம் பிரித்தும் பார்த்தாயிற்று. மதியச் சாப்பாட்டு வேளை முழுக்க இதில் போகிறது. கூட வேலை செய்யும் பெண்கள் எனக்குப் புறாப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்கள். இந்த வயதில் எனக்கு இது வேண்டியதுதான்.

கண் எரிகிறது. விடப் போவதில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் செல்வி. தைராய்டு ஸ்கேன் எடுத்தாளாம், ரிப்போர்ட் தொலைந்துவிட்டதாம். எண் இல்லை. சொன்ன தேதியில் அவள் வரவேயில்லை. பெயரைப் போட்டால் திரை முழுக்கச் செல்வி. வழக்கம்போல் கேட்டேன்.

“இனிஷியல் என்னம்மா?”

“எம்.”

வீட்டுக்காரர் பெயரா, அப்பா பெயரா என்று கேட்டேன். வீட்டுக்காரர் பெயராம். எம். செல்வியில் அவள் இல்லை. “ஆதார்ல இன்னும் அப்பா இனிஷியல்தான் மேடம்” என்றாள். அப்பா பெயர் கண்ணாயிரம். கே. செல்வி என்று போட்டேன். ஒரே நொடி. அவள் சொன்ன தேதிக்கு மூன்று மாதம் முந்தைய தேதியில் உட்கார்ந்திருந்தாள்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். தேதி தப்பு, எண் இல்லை, அப்பா பெயர் கொண்டுவந்து கொடுத்தது. புறாவுக்கு இனிஷியல் உண்டா?

உண்டு. ரிங் மெசேஜில் குஞ்சின் எண்ணுக்குப் பின்னால் அப்பா எண், அம்மா எண் இரண்டையும் போட வேண்டும் என்று இவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. சாப்பாட்டு வேளையில் வெப்சைட்டைத் திறந்தேன். எண் கட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று இருந்தது. பத்து நாளாக அதை நான் தொட்டதேயில்லை. தொட்டால் மூன்று வந்தது: ரிங், தகப்பன், தாய்.

எங்கள் பெட்டைக்குத் தகப்பன் யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நடக்கிற நடையைப் பார்த்தாலே தெரியும். கலெக்டரின் மகள். கலெக்டர் கூண்டுக் கதவில் வெள்ளை பெயிண்டில் 18-1142. தகப்பன் 1142 என்று போட்டேன்.

ஏழு குஞ்சுகள் வந்தன. ஆறு இவர் போனிலிருந்து பதிந்தவை. ஏழாவது 22-0317. அனுப்பியது சவரிமுத்து. தகப்பன் 1142, தாய் 0078. இரண்டும் எங்கள் மாடிப் புறா, இரண்டுக்கும் இவர் பெயர்தான் கம்ப்யூட்டரில்.

சாம்பார் சாதத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். அழுததை எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 22, சனி

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

அந்த மெசேஜின் தேதி 2021 டிசம்பர் 28, காலை 10.40. அதனால்தான் ரிங் எண்ணைப் போட்டபோது வரவில்லை. 22 ரிங் என்றால் கம்ப்யூட்டர் 2022-க்குள் மட்டும்தான் தேடும். அடுத்த வருஷ ரிங் எல்லார் கைக்கும் டிசம்பரிலேயே வந்துவிடும். டிசம்பர் குஞ்சுக்குப் புது வருஷ ரிங்கைப் போட்டுவிட்டால் அதற்கு ஒரு வயசு குறைந்துவிடும், சின்னப் புறா ரேஸில் விடலாம். பிள்ளைகளுக்கு ஸ்கூலில் நாம் கொடுத்த தேதி மாதிரிதான். ஊருக்கே தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள், கம்ப்யூட்டருக்கும் யாரும் சொல்லவில்லை.

ஆனால் என்னை உட்கார வைத்தது அது இல்லை. அந்தத் தேதி. 2021 கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 27-ஆம் தேதி ஆபரேஷன். 28-இல் எனக்குச் சரியாக நினைவே இல்லை.

குஞ்சுக்கு ரிங் மாட்ட அன்றைக்கு விட்டால் கால் பெருத்துவிடும். ரிங்குகள் பீரோவில், சாவி எப்போதும் இவர் இடுப்பில். பிறகு இவர் ஏன் மாட்டவில்லை?

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

இவர் போன் எண்ணைப் போட்டு, டிசம்பர் 26 முதல் ஜனவரி 4 வரை, நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் அத்தனைக்கும் தேடினேன். காலையில் தேடினேன். மாலையில் தேடினேன். ஒரு மெசேஜ்கூட இல்லை. இருபத்தேழு வருஷத்தில் இந்த மனுஷன் கிளப்புக்கு ஒன்றுமே அனுப்பாத நாட்கள் அவைதானோ என்னவோ.

பிறகு ஓங்கோல் ரேஸைத் தேடினேன். ஜனவரி 2, ஞாயிறு. இவர் பெயரில் ஒரே புறா, 18-1142. கலெக்டரேதான். ரேஸுக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தவர்: சவரிமுத்து. வந்து இறங்கிய நேரம் என்கிற கட்டம் காலி.

அந்தக் கட்டத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கண் விழித்து இவரைக் கேட்டபோது வார்டு ஆயா, “ஒங்க வூட்டுக்காரு வெளிய போயிட்டாரு” என்றாள். ரேஸ் நாள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தபோது கலெக்டர் கூண்டில் இருந்தது. ரேஸ் பார்க்கத்தான் ஓடிவிட்டார் என்று நானே கூட்டிக் கழித்து முடிவு செய்துகொண்டேன். ஆனால் இந்தக் காலிக் கட்டம் வேறு சொல்கிறது. புறா வீட்டுக்கு வந்திருக்கிறது. அதன் காலில் கட்டிய சீட்டை எடுத்து மெசேஜ் போட மாடியில் ஆள் இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

அவரிடம் கேட்கவில்லை. மீன் குழம்பு வைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 27, வியாழன்

தாள்களை பிரிண்ட் எடுத்தாயிற்று. கூடவே இன்னொரு தேடலும் செய்து வைத்திருக்கிறேன். 2021 டிசம்பர் 20 முதல் 31 வரை, 22 ரிங் மாட்டியவர்கள் யார் யார். தயாளனைப் பற்றி எனக்குத் தெரியும், தேதியைப் பிடித்துக்கொள்வான்.

நானும் பொதுக்குழுவுக்கு வருகிறேன் என்றேன்.

“பொம்பளைங்க வர்ற எடம் இல்ல, லூர்து.”

“சட்டத்துல இருக்குதா?”

“இல்ல.”

“அப்போ வரேன்.”

மார்ச் 2, ஞாயிறு

இதை இன்றே எழுத வேண்டும்.

கிருபாகரன் சார் வீட்டுக் கீழ்த்தளம். பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்பது ஆண்கள், நான் ஒருத்தி. வராந்தாவில் கூண்டில் பெட்டை. முதல் தாளை சார் கையில் கொடுத்தேன். அவர் சத்தமாகப் படித்தார். தகப்பன் 1142, தாய் 0078, இரண்டும் ஞானப்பிரகாசம் புறா, அனுப்பியது சவரிமுத்து. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

தயாளன் எழுந்தான்.

“தேதிய பாருங்க சார். 2021 டிசம்பர். ரிங்கு 22. பொறக்கறதுக்கு முன்னாடியே ரிங்கா? இது தப்பு ரெக்கார்டு. செல்லாது.”

“டிசம்பர்ல புது ரிங்கு உங்க கைக்கு வருதா, இல்லியா?” என்றேன்.

எல்லாருக்கும் திடீரென்று மின்விசிறியைப் பார்க்க வேண்டியிருந்தது.

“செல்லாதுன்னா எல்லாருதும் செல்லாது. அந்த டிசம்பர் கடைசீல 22 ரிங்கு போட்டவங்க லிஸ்ட்டு என்கிட்ட இருக்குது. படிக்கிறேன். மொதல் பேரு ஞானப்பிரகாசம், எங்க வூட்டுக்காரரு. டிசம்பர் 22-ல ஒரு குஞ்சுக்குப் போட்டிருக்காரு. தப்புதான். ரெண்டாவது பேரு தயாளன். அந்தக் குஞ்சு அடுத்த வருஷம் சின்னப் புறா ரேஸ்ல கப்பு வாங்கிச்சு. மூணாவது பேரு…”

“போதும்மா, ஒக்காரு, ஒக்காரு” என்றார் பின்வரிசையில் ஒரு பெரியவர். அவர்தான் மூன்றாவது. ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கிருபாகரன் சார் சிரிக்கவில்லை. அவர் பெயர் ஒன்பதாவது.

தயாளன் விடவில்லை. சிரிப்பு அடங்கியதும் நிதானமாகக் கேட்டான். நியாயமான கேள்விதான், அதனால்தான் வலித்தது.

“சரி. ஞானண்ணன் குஞ்சுக்கு சவரியண்ணன் எதுக்கு ரிங்கு போட்டாரு? அவர் கிட்ட ரிங்கு இல்லியா, கை இல்லியா? அன்னிக்கு அவரு எங்க போனாரு? அத சொல்லச் சொல்லுங்க, நான் ஒக்காந்துடறேன்.”

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். இவர் எழுந்தார், தரையைப் பார்த்தார், “அது வூட்டு விசயம்” என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபது நாளாக இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டிருந்தது எதற்கு என்று. கப்பு போனாலும் பரவாயில்லை, திருடன் என்றாலும் பரவாயில்லை, பெண்டாட்டிக்கு என்ன ஆபரேஷன் என்று நாற்பது ஆண்கள் முன்னால் சொல்ல மாட்டார்.

நான் எழுந்தேன்.

“நான் சொல்றேன். டிசம்பர் 27 எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. 26-லேர்ந்து ஜனவரி 4 வரிக்கும் இவரு ஆஸ்பத்திரில இருந்தாரு. ரிங்கு எங்க வூட்டு பீரோல பூட்டி இருந்துச்சு, சாவி இவரு இடுப்புல. குஞ்சுக்குக் காலு பெருத்துடும்னு சவரியண்ணன் தன்னோட ரிங்க போட்டாரு. அந்தப் பத்து நாளும் இவரு நம்பர்லேர்ந்து ஒரு மெசேஜ் இருந்தா காட்டுங்க. ஓங்கோல் ரேஸுக்கு இவரு புறா வந்துச்சு. நேரத்த பாருங்க, காலியா இருக்குது.”

இரண்டாவது தாளைக் கொடுத்தேன். அது கைமாறிப் போயிற்று. புறாக்காரனுக்கு அந்தக் காலிக் கட்டத்தின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ரேஸ் அன்று புறா வரும்போது மாடியில் நிற்காதவன் எவ்வளவு பெரிய காரியத்தில் இருந்திருப்பான் என்று அவர்களுக்கே தெரியும். தயாளன் தாளைப் பார்த்தான், மடித்து சாரிடம் கொடுத்தான், உட்கார்ந்துவிட்டான்.

பெட்டை ஞானப்பிரகாசத்துடையது, முதல் இடமும் அவருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இனிமேல் ஜனவரி ஒன்றுக்கு முன்னால் யாருக்கும் புது ரிங் கிடையாது என்றும் தீர்மானம். அதற்குக் கை தூக்கும்போது எல்லார் முகத்திலும் ஒரு துக்கம்.

ஆட்டோவில் வந்தோம். கூடை இவர் மடியில். பாலம் தாண்டியதும் கேட்டார்.

“நான் ஆஸ்பத்திரிலதான் இருந்தேன்னு யாரு சொன்னா ஒனக்கு? சவரி சொன்னானா?”

“யாரும் சொல்லல. தேடிப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. அதுலதான் தெரிஞ்சுது.”

கூடை மூடியைத் திறந்து மூடினார்.

“பொம்பள வார்டுல நிக்கக் கூடாதுன்னு வாட்ச்மேன் தொரத்திட்டான். கீழ டீக்கட பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். சவரி போன் பண்ணான். கலெக்டர் வந்துட்டாண்டா, இன்னும் ஒருத்தன் புறாவும் வரல, ஓடியா, மொதல் பரிசுன்னான். சீட்ட ஓனர்தான் எடுக்கணும். டாக்டர் வர்ற நேரம்டா, போன வைன்னுட்டேன்.”

கலெக்டர் என்றார். எண் சொல்லவில்லை.

“இத்தினி வருஷம் ஏங்க சொல்லல?”

“நான் எங்க போனேன்னு நீ கேக்கலியே. ரேஸுக்குப் போனேன்னு நீயே சொல்லிட்ட.”

கூடையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். வீடு வரும் வரை பெட்டை உள்ளே முனகிக்கொண்டு வந்தது.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலையில் இரண்டு பேரும் கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். பழைய துணிக்கொடியை விட்டுவிட்டு, என் புடவைக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வேறு கொடி கட்டச் சொன்னேன், கலெக்டருக்கு உட்கார வேறு இடம் கிடையாது. வாஷரும் மாற்றினார்.

தவக்காலம் நாற்பது நாளும் பிடித்தது ஒன்றை விட வேண்டும், இந்த வருஷம் இவர் டீயை விடப்போகிறாராம். இதையும் பார்ப்போம்.

“நீ இன்னாத்த வுடற?” என்று கேட்டார்.

“ஓங்கோல் ரேஸ.”

புறாவுக்குப் போடும் கம்பு டப்பாவை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

“நாப்பது நாளைக்கா?”

“இல்ல. மொத்தமா.”

நிமிர்ந்து மாடிக்குப் போனார். கம்பு டப்பா அடுப்பங்கரையிலேயே இருந்தது. நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.